பிரிக்கும் நோயும் ‘நாம்’ என்னும் சொல்லும்

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை)



பொதுக்காலத்தின் 6ஆம் ஞாயிறாகிய இன்று, முதல் வாசகமும் நற்செய்தியும் தொழுநோயைப் பற்றியே பேசுகின்றன. லேவியர் நூலின் 13ஆம் அதிகாரம் சட்டத்தைச் சொல்கிறது. நோய் கண்டவர் கிழிந்த உடை உடுத்த வேண்டும்; தலைமுடியை வாராமல் விட வேண்டும்; தாம் தீட்டுள்ளவர் என்று தாமே உரக்கச் சொல்லிக்கொண்டு நடக்க வேண்டும்; ஊருக்கு வெளியே தனியாகக் குடியிருக்க வேண்டும். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் அப்படிப்பட்ட ஒருவர் சட்டத்தை மீறி இயேசுவிடம் நெருங்கி வருகிறார். இயேசுவும் அதே சட்டத்தை மீறிக் கையை நீட்டி அவரைத் தொடுகிறார்.

தொழுநோயைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. விவிலியத்தில் ‘தொழுநோய்’ என்று வருவது பலவகைத் தோல் நோய்களுக்கும் பொதுவான பெயர். லேவியர் நூலில் அது துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட வருகிறது! இன்று நாம் தொழுநோய் என்று அழைப்பது ஒரு கிருமியால் வருவது. முழுமையாகக் குணமாகக் கூடியது. ஆறு மாதமோ ஓராண்டோ கூட்டு மருந்து சாப்பிட்டால் போதும். அரசு சுகாதார நிலையங்களில் அது இலவசமாகவே கிடைக்கிறது. அது யாருடைய பாவத்தின் சம்பளமும் அல்ல, சாபமும் அல்ல. தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மறையுரையில் மருத்துவம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இயேசு தொட்டுக் குணமாக்கியவரை, சட்டப்படி சான்று பெறுவதற்காகக் குருவிடம் அனுப்பி வைத்தார் என்பதும் இதே நற்செய்திப் பகுதியில்தான் இருக்கிறது.

இப்போது துன்பத்துக்கு வருவோம். பங்குகளில் நோயாளர்களுக்கு நற்கருணை கொண்டுசெல்லும்போது, நம் குருக்கள் எல்லாரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: “சாமி, ஆண்டவர் ஏன் எனக்கு இதைக் கொடுத்தார்?” பெரும்பாலும் நாம் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நிற்கும் உறவினர்களே முந்திக்கொள்கிறார்கள். ஆண்டவர் தாம் அன்பு செய்கிறவர்களைத்தான் சோதிப்பார் என்கிறார் ஒருவர். போன பிறவி, இந்தப் பிறவி என்று ஏதோ சொல்லி, அடுத்த நிமிடமே நாக்கைக் கடித்துக்கொள்கிறார் இன்னொருவர். சொல்பவர்களின் மனம் நல்லதுதான். ஆனால் யோபுவின் நண்பர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஏழு நாள் அவர்கள் அவரோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை எல்லாம் நன்றாக இருந்தது. வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் யோபுவின் துன்பம் இரட்டிப்பானது. நூலின் முடிவில் கடவுள் கடிந்துகொண்டது, கேள்வி கேட்ட யோபுவின் நண்பர்களை. அவர்கள் கடவுளுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள்.

துன்பத்தின் பொருளைச் சொற்களால் விளக்க முயன்றவர்களைவிட, அதற்குள் நடந்து போனவர்களிடம் கேட்பது நல்லது. மறைப்பணியாளர்களில் அப்படிப்பட்ட ஒருவரை இன்று நினைவுகூர்வோம். மொலோக்காய் தீவின் புனித தமியான். அவரைப் பற்றி மறைக்கல்வி வகுப்பிலேயே நாம் கேட்டிருப்போம். ஆனால் நாம் கேட்ட கதையில் ஒரு முக்கியமான இடம் கொஞ்சம் மாறிப்போய் இருக்கிறது.

தமியான் 1840ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் திரெமெலோ என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இயேசு மரியாவின் திருஇதயங்கள் சபையில் சேர்ந்தார். ஹவாய் தீவுகளுக்கு மறைப்பணியாளராகப் போக வேண்டியவர் உண்மையில் இவருடைய அண்ணன். அவரும் அதே சபையில் குருவானவர். நோயாளர்களிடையே பணிசெய்தபோது காய்ச்சல் தொற்றி, அண்ணன் படுத்துவிட்டார். தம்பி அப்போது இன்னும் குருவாகவில்லை. உள்ளூர் அதிபரைக் கேட்காமலேயே பாரிசில் இருந்த சபைத் தலைவருக்கு நேராகக் கடிதம் எழுதி, அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 1864 மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளன்று ஹொனலுலுவில் இறங்கினார். மே 21 அன்று அங்கேயே குருவாக அருள்பொழிவு பெற்றார். அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவின் எரிமலை அடிவாரங்களில் கோவேறு கழுதைமேல் சுற்றிக்கொண்டிருந்த சாதாரண மறைப்பணியாளர் அவர்.

அந்த ஆண்டுகளில்தான் தொழுநோய் அந்தத் தீவுகளில் பரவியது. ஹவாய் மக்கள் அதற்கு வைத்த பெயர்களில் ஒன்றின் பொருள், ‘பிரிக்கும் நோய்’ என்பதாகும். உடலில் செய்வதை வைத்து இந்தப் பெயரை வைக்கவில்லை. குடும்பத்துக்குச் செய்ததை வைத்து வைத்தார்கள். 1865இல் அரசு ஒரு சட்டம் இயற்றியது. நோய் கண்டவர்களைப் பிடித்து, மொலோக்காய் தீவின் வடபுறத்தில் ஒரு நிலமுனைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மூன்று பக்கம் கொந்தளிக்கும் கடல், நாலாவது பக்கம் 1500 அடிக்கும் மேல் செங்குத்தாக எழும் பாறைச்சுவர். 1866 ஜனவரியில் முதல் கூட்டம் இறக்கிவிடப்பட்டது. பிறகு நூறாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 8000 பேர் அந்த வழியே போனார்கள். குழந்தையைத் தாயிடமிருந்தும் கணவனை மனைவியிடமிருந்தும் பிரித்தார்கள்.

இங்கே நாம் அடிக்கடி சொல்லாமல் விட்டுவிடும் ஒன்று உண்டு. தமியான் அங்கே போவதற்கு முன்பே, நோயே இல்லாத சிலர் அங்கே போயிருந்தார்கள். நோயுற்ற கணவனோடு மனைவியும், மனைவியோடு கணவனும் தாமாகவே கப்பலேறினார்கள். அவர்களைக் ‘கோகுவா’ என்று அழைத்தார்கள். துணை நிற்பவர் என்று பொருள். அவர்களுக்குச் சபை இல்லை, வார்த்தைப்பாடு இல்லை, படம் இல்லை, திருநாளும் இல்லை. மறைப்பணி என்றால் குருக்களும் அருள்சகோதரிகளும் மட்டுமே செய்வது என்று நினைக்கும் பொதுநிலையினர் இந்தக் கோகுவாக்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

1873ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் தமியான் மொலோக்காய் வந்து சேர்ந்தார். ஆயர் மெக்ரே அவர்களே அழைத்து வந்தார். நான்கு குருக்கள் முறைவைத்துச் சில வாரங்கள் பணிசெய்வது என்பதே திட்டம். முதலில் வந்தவர் திரும்பிப் போகவே இல்லை. தொடக்க நாட்களில் தங்க வீடில்லை. கோவிலருகே ஒரு தாழை மரத்தின் அடியில் படுத்தார். புண்களின் நாற்றம் தாங்காமல் புகைக்குழாய் பிடிக்கத் தொடங்கினார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்த நாற்றத்தை மலர் மணமாக உணர்ந்தார் என்று யாராவது எழுதியிருந்தால்தான் நாம் சந்தேகப்பட வேண்டும்.

அவர் செய்தவற்றின் பட்டியல் நீளமானது. சவப்பெட்டிகள் செய்தார், குழி வெட்டினார், குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார், 1874இல் புயல் வீசிக் குடிசைகளைச் சாய்த்தபோது மரவீடுகள் கட்டினார், பாடகர் குழு அமைத்தார், புண்களைக் கழுவினார். இறந்தவர்களைக் கண்ட இடத்தில் புதைத்துவந்த ஊரில், முறையாக அடக்கம் செய்ய ஒரு பக்தசபையை ஏற்படுத்தினார். ஒருவருடைய சாவைக் கண்டுகொள்ளும் ஊர், அவர் உயிரோடிருப்பதையும் கண்டுகொள்ளத் தொடங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கதையில் மாறிப்போன இடத்துக்கு இப்போது வருகிறோம். 1884 டிசம்பரில் ஒரு நாள் தமியான் தம் காலைச் சுடுநீரில் வைத்தார். தோல் வெந்தது, அவருக்குச் சூடு தெரியவில்லை. நோய் தம்மைப் பிடித்துவிட்டது என்று அப்போது தெரிந்தது. அதற்கடுத்த ஞாயிறு பீடத்தில் நின்று, அதுவரை ‘சகோதரர்களே’ என்று தொடங்கியவர், முதல்முறையாக ‘தொழுநோயாளர்களாகிய நாம்’ என்று மறையுரையைத் தொடங்கினார் என்று நாம் கேட்டிருக்கிறோம். உருக்கமான காட்சிதான். நடந்தது அதைவிடப் பெரியது. 1873 நவம்பரில், மொலோக்காய்க்கு வந்த ஆறே மாதத்தில், அவர் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மறையுரையில் மக்களைச் சகோதரர்களே என்று அழைக்காமல், தொழுநோயாளர்களாகிய நாம் என்றே தாம் பேசுவதாக அதில் சொல்கிறார். அதாவது, நோய் வருவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல் வந்துவிட்டது.

நம் மொழி தெரிந்தவர்களுக்கு இதன் எடையைச் சொல்லத் தேவையில்லை. தமிழில் ‘நாங்கள்’ வேறு, ‘நாம்’ வேறு. எதிரே நிற்பவரை வெளியே நிறுத்திப் பேசுவது ‘நாங்கள்’. அவரையும் உள்ளே சேர்த்துக்கொள்வது ‘நாம்’. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் தமியான் மறையுரை ஆற்றிய ஹவாய் மொழியில், தமிழைப் போலவே, இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அந்த மக்களின் காதுக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். நலமான உடம்போடு நின்ற ஒரு வெள்ளைக்காரர், தங்களோடு தம்மைச் சேர்த்துப் பேசுவதை அவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள்!

மனித உடல் எடுத்த இறைமகன் சொன்னதும் இதே சொல்தான். இன்றைய நற்செய்தியின் கடைசி வரியைப் பலரும் கவனிப்பதில்லை. தொழுநோயாளர் ஊருக்கு வெளியே இருந்தவர். இயேசு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர். குணமானவர் ஊருக்குள் போய் நடந்ததை எங்கும் சொல்லுகிறார். அதனால் இயேசு எந்த ஊருக்குள்ளும் வெளிப்படையாக நுழைய முடியாமல், வெளியே ஆளில்லாத இடங்களில் தங்க வேண்டியதாகிறது. இடம் மாறிவிட்டது! வெளியே இருந்தவர் உள்ளே. உள்ளே இருந்தவர் வெளியே. எபிரேயர் திருமுகத்தின் ஆசிரியர், இயேசு நகர வாயிலுக்கு வெளியே துன்புற்றார் என்று சொல்லும்போது, இந்த இடமாற்றம் கல்வாரியில் முழுமையாவதைப் பார்க்கிறோம். எசாயா 53ஆம் அதிகாரத்தில் வரும் துன்புறும் ஊழியரைப் பற்றிய பகுதியை இலத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுஸ், அந்த ஊழியர் மக்கள் கண்ணுக்குத் தோன்றிய விதத்தைச் சொல்ல, தொழுநோயாளர் என்ற சொல்லையே எடுத்தாண்டார்.

இனி ஒரு கடினமான இடம். புனித பவுல் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் முதல் அதிகாரம் 24ஆம் வசனத்தில், கிறிஸ்துவின் வேதனைகளில் குறைவுபடுவதைத் தம் உடலில் நிறைவுசெய்வதாகச் சொல்கிறார். கிறிஸ்துவின் பாடுகளில் குறை உண்டா? மீட்பின் விலையில் ஒரு காசுகூடக் குறையவில்லை என்பதே திருச்சபையின் போதனை. பவுல் இதை எழுதுவது சிறையிலிருந்து. அவர் சிறைப்பட்டது, நற்செய்தியை வேற்றினத்தாரிடம் கொண்டுபோனதற்காக. கிறிஸ்துவின் அன்பு போய்ச் சேராத இடம் இன்னும் இருக்கிறது. அதுவே அந்தக் ‘குறை’. அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியில் யாராவது ஒருவருக்கு வலிக்கும். அந்த வலியையும் ஆண்டவர் தம்முடையதாக எடுத்துக்கொள்கிறார். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், 1984ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று, துன்பத்தின் மீட்பளிக்கும் பொருளைப் பற்றி வெளியிட்ட திருத்தூது மடலில் இந்த வசனத்தையே தொடக்கமாக எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த மடல், நல்ல சமாரியர் உவமைக்கு வந்து, துன்புறுவோருக்கு நன்மை செய்வதைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறது. முதல் பாதியைப் பிறர்க்குப் போதித்துவிட்டு இரண்டாவது பாதியை மறந்துவிடுவது நமக்கு எளிதாக இருக்கிறது.

தமியான் நோயைத் தேடிப்போனவர் அல்லர். 1886 ஜூலையில் அவர் ஹொனலுலுவுக்குப் போய், கோட்டோ என்னும் சப்பானிய மருத்துவரின் முறைப்படி மூலிகைச் சுடுநீர்க் குளியல் எடுத்துக்கொண்டார். பயன் இருக்கும் என்று நம்பி, மொலோக்காய் மக்களுக்கும் அதை ஏற்பாடுசெய்ய முயன்றார். நோயை ஆண்டவரின் கையிலிருந்து ஏற்றுக்கொண்ட அதே மனிதர், மருந்தையும் தேடினார். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பச் சொல்லும் கூட்டங்களுக்குப் போகும் நம் மக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவரை மிகவும் வாட்டியது நோய்கூட இல்லை; தனிமைதான். வந்த முதல் ஆண்டிலேயே அவர் அந்த இடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று நலவாரியம் கட்டளையிட்டது. அவருடைய சபை அதிபர் கப்பலில் வந்தபோது, கரையிறங்க அனுமதி கிடைக்கவில்லை. தமியான் சிறு படகில் கப்பலருகே போனார், ஏறுவதற்கும் விடவில்லை. படகில் நின்றபடியே, மேல்தளத்தில் நின்ற அதிபரிடம் உரத்த குரலில் தம் பாவங்களை அறிக்கையிட்டார். ஒப்புரவு அருளடையாளத்துக்கு இருட்டு மூலையும் மெல்லிய குரலும் தேடும் நமக்கு, அதை நினைத்தாலே கூசுகிறது. பின்னாளில் அவரோடு வந்து தங்கிய குருக்கள் சிலரோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. அவர் பிடிவாதக்காரர், கோபக்காரர். இலண்டனில் ஆங்கிலிக்கன் குரு ஒருவர் அவருக்காகப் பெருந்தொகை திரட்டி அனுப்பி, பத்திரிகைகளில் பெயர் வந்தபோது, அவர் புகழ் தேடுகிறார் என்று சொந்த மேலிடமே கசந்துகொண்டது. நோய் முற்றிய நாட்களில் அந்தக் கடிதங்களைப் படிக்க வேண்டியிருந்தது. நற்கருணை ஆண்டவர் கோவிலில் இல்லாவிட்டால் தம்மால் அங்கே தாக்குப்பிடிக்கவே முடியாது என்று அவர் எழுதியது வெறும் பக்திச் சொல் அல்ல.

இந்த வானொலிக்கு அருகே படுக்கையில் இருப்பவர்கள் கேட்கலாம்: தமியானால் வீடு கட்ட முடிந்தது, புண் கழுவ முடிந்தது, நாங்கள் மற்றவர்களுக்குப் பாரமாகக் கிடக்கிறோமே? தமியானின் கடைசி மாதங்களும் அப்படித்தான் கழிந்தன. 1886இல் வந்து சேர்ந்த ஜோசப் டட்டன் என்னும் பொதுநிலையினர், ஒரு காலத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர், அவருடைய வேலைகளை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டார். 1888இல் அருள்பணி கோன்ரார்டி வந்தார். அதே ஆண்டு நவம்பரில் அன்னை மரியான் கோப், சிரக்கியூஸ் பிரான்சிஸ்கன் சகோதரிகளோடு வந்தார். கழுவிய கையை இப்போது மற்றவர்கள் கழுவினார்கள். பதினாறு ஆண்டுகள் ‘நாம்’ என்று சொன்னவருக்கு அந்தச் சொல் திரும்பக் கிடைத்தது. வாங்கிக்கொள்வதும் மறைப்பணியின் ஒரு பாதிதான். கொடுத்தே பழகியவர்களுக்கு அது கடினமான பாதி. படுக்கையில் இருப்பவரே, உங்கள் வாயில் ஒரு கரண்டிக் கஞ்சியை ஊட்டும் மகளுக்கு நீங்கள் எதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

அன்னை மரியானைப் பற்றி ஒரு வார்த்தை. தம் சகோதரிகளில் ஒருவருக்கும் இந்த நோய் வராது என்று அவர் உறுதியாகச் சொன்னார். கைகழுவும் ஒழுங்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வைத்தார். சொன்னபடியே ஒருவருக்கும் வரவில்லை. முப்பது ஆண்டுகள் நோயாளர்களோடு வாழ்ந்து, 1918இல் எண்பது வயதில் நோயில்லாமல் இறந்தார். திருச்சபை 2009இல் தமியானைப் புனிதராக அறிவித்தது. 2012இல் மரியானையும் அறிவித்தது. நோய்க்குப் பலியானவரும் புனிதர், சோப்பும் தண்ணீரும் கொண்டு அதைத் தள்ளி நிறுத்தியவரும் புனிதர். துன்பத்தையே கடவுள் விரும்புகிறார் என்று நினைப்பவர்கள், இந்த இருவரையும் ஒரே பீடத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

தமியான் 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 15, புனித வாரத் திங்களன்று இறந்தார், வயது 49. முதல் நாட்களில் படுத்திருந்த அதே தாழை மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். இறந்த பின்னும் அவரை இழிவாகப் பேசியவர்கள் உண்டு. அழுக்கானவர், முரடர் என்று ஒரு போதகர் எழுதியதற்கு, ‘புதையல் தீவு’ எழுதிய ஸ்டீவன்சன், தாம் கத்தோலிக்கர் அல்லாதவராக இருந்தும், மொலோக்காயை நேரில் பார்த்துவிட்டு வந்து, 1890இல் கடுமையான பதில் எழுதினார்.

தமியான் மொலோக்காய்க்குப் போன அதே 1873ஆம் ஆண்டில்தான், நார்வேயில் ஹான்சன் என்னும் மருத்துவர் இந்த நோயின் கிருமியைக் கண்டறிந்தார். அதற்குப் பயன்தரும் மருந்து மொலோக்காய்க்கு வந்து சேர 1946 ஆனது. பிரித்து வைக்கும் சட்டம் 1969இல் நீக்கப்பட்டது. போகலாம் என்று சொன்ன பிறகும் பலர் அங்கிருந்து போகவில்லை. அதுவே அவர்கள் ஊராகியிருந்தது. தமியானின் உடலை 1936இலேயே பெல்ஜியத்துக்குக் கொண்டுபோய், லூவன் நகரில் வைத்துவிட்டார்கள். 1995இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டபோது, அவருடைய வலது கை மட்டும் மொலோக்காய்க்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. அங்கே எஞ்சியிருந்த முதியவர்கள் கூடியிருக்க, கோவிலருகே வெறுமையாக இருந்த அந்தப் பழைய கல்லறையில் அதை வைத்தார்கள்.